டயர் தின்ற கண்ணாடி: பழைய கார் கிட்டுகளும் நம் ஊர்ப் புழுக்கமும்

பாகம் பாகமாக வந்து நாமே ஒட்டிக் கட்டும் சிறிய மாதிரிக் கார்தான் கிட். பழைய பிளாஸ்டிக் கார் கிட் வாங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது, பெட்டி பிரிக்காததா என்பதைத்தான். பிரிக்காத பெட்டிக்கு விலையை ஏற்றிச் சொல்கிறார்கள். கொடுக்கவும் ஆள் இருக்கிறது. மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு பல ஆண்டுகளாக இந்தக் கிட்டுகளைக் கட்டிவருகிற எனக்கு அந்த மெல்லிய உறையின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. நம் வெக்கையில் சேதம் நடப்பதே பிரிக்காத பெட்டிக்குள்தான்.

குற்றவாளி டயர். கிட்டோடு வரும் கறுப்பு டயரை எல்லோரும் ரப்பர் என்றே சொல்கிறார்கள். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவனிடம் அது எடுபடாது. பழைய அமெரிக்கக் கிட்டுகளில் இருப்பது பெரும்பாலும் வினைல். அதை வளையச் செய்வதற்காக எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியைக் கலந்திருப்பார்கள். ஆண்டுகள் போகப் போக அது கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாகங்களின் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். வெப்பம் கூடினால் கசிவும் விரைவுபடும். 1/25 அளவு, அதாவது அசல் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கான ஷெவர்லே ஒன்றின் உறையை முதன்முதலாக நானே கிழித்தேன். உள்ளே ஒரு டயர் தெளிந்த பிளாஸ்டிக் முன்கண்ணாடியின் மேல் சாய்ந்து கிடந்தது. தூக்கினால் வரவில்லை. மெதுவாகப் பிரித்தெடுத்தபோது, டயரின் வெட்டுக்கோடுகள் ஒன்றுவிடாமல் கண்ணாடியில் பதிந்திருந்தன, நகம் வைத்தால் தட்டுப்படும் ஆழத்துக்கு. உப்புத்தாளில் தேய்த்துச் சரிக்கட்டும் காயமில்லை அது. விற்றவரையும் குறை சொல்ல முடியாது, அவரும் உள்ளே பார்த்ததில்லை.

ஆகவே பெட்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, டயர்களைப் பொறுக்கித் தனிப் பையில் போடுவது. கட்டி முடித்த காரிலும் சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவே சமையலறை அலுமினியத் தாளில் ஒரு மெல்லிய வளையம் வெட்டி வைக்கிறேன். வெளியே தெரியாது. அப்படி வைத்த வண்டிகளின் சக்கரங்கள் இன்றுவரை நன்றாக இருக்கின்றன.

பிளாஸ்டிக்கைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1950களில் கார் விற்பனையாளர்கள் கொடுத்த விளம்பர மாதிரிகளில் பல அசிடேட் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. அவை வளைந்து கோணிப்போயின. 1958இல் ஏ.எம்.டி. நிறுவனம் ஒரே பெட்டியில் அசல், கஸ்டம் (விருப்பப்படி மாற்றியது), பந்தயம் என மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளைக் கொண்டுவந்தது. அவை பாலிஸ்டைரின். அந்த வகைப் பிளாஸ்டிக் நம் ஊரில் தாக்குப்பிடிக்கிறது. வெயில் நேரே விழும் ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள்.

ஏ.எம்.டி.யின் பழைய அச்சுகள் பொறுமையைச் சோதிக்கும். உடல்பாகத்தில் வார்ப்பு அச்சின் இணைப்புக்கோடு கூரையிலிருந்து மட்கார்டு வரை ஓடும், அதைத் தேய்த்தே ஆகவேண்டும். முன் சக்கரங்களை இணைக்கும் கம்பி இஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு போகும் வேடிக்கையும் உண்டு. வண்டி உருள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, பட்டறைக்காரர் பார்த்தால் சிரிப்பார். இருந்தாலும் அந்த மூன்று வழி உதிரிகளுக்காகவே நான் ஏ.எம்.டி.யை விடுவதில்லை. ஒரு கார் கட்டி முடித்தால் இன்னொன்றுக்கு ஆகும் சக்கரமும் பம்பரும் கார்புரேட்டரும் டப்பாவில் மிஞ்சும். மோனோகிராம் நிறுவனக் கிட்டுகளின் பொருத்தம் இதைவிட மேல், ஆனால் அவர்கள் கார்கள் பெரும்பாலும் 1/24 அளவு. ஒன்றின் டயரை மற்றதற்கு மாட்டப் பார்த்தால் அந்தச் சிறு வித்தியாசம் முகத்தில் அடிக்கும். 1970களின் ஜப்பானியக் கிட்டுகளில் பல, மோட்டாரும் பேட்டரியும் வைப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. அதனால் உள்தரை உயர்ந்து, இருக்கைகள் காலில்லாத நாற்காலிபோல் நிற்கும். தரையை அறுத்து இறக்கத் துணிந்தவர்கள் மட்டும் வாங்கலாம். முதல் கிட் தேடுகிறவர் பழையதைத் தொடாமல் தமியா நிறுவனத்தின் இன்றைய 1/24 கார் ஒன்றில் தொடங்குவதே நல்லது.

கஸ்டம் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டீரிங்கை இடம் மாற்றுவது. இதைத் தொடங்கிவைத்தவர் தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். நான் கட்டிய 57 ஷெவர்லேயின் ஜன்னலுக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தார். “வண்டி அழகுதான் தம்பி. ஆனால் நான் ஏறி உட்காருகிற பக்கம் ஸ்டீரிங்கையே காணோமே” என்றார். அமெரிக்கக் கிட்டுகள் இடதுபக்க ஸ்டீரிங்கோடு வருகின்றன. நம் சாலைக்கு ஆகாத வண்டி என்பது அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

மெல்லிய ரம்பத்தால் டேஷ்போர்டை மூன்றாக அறுத்து, மீட்டர் பகுதியையும் கையுறைப் பெட்டியையும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். ரம்பம் தின்ற அகலத்துக்கு ஈடாக ஸ்டைரின் தகட்டில் ஒரு சிம்பு செருக வேண்டும், இல்லையென்றால் டேஷ்போர்டு இரண்டு கதவுகளையும் தொடாமல் நிற்கும். பெடல்களைச் செதுக்கி எடுத்து மறுபக்கம் ஒட்டுவதும் ஸ்டீரிங் தண்டுக்குப் புதுத் துளை போடுவதும் எளிது. முன்னிருக்கை நீளப் பலகையாக இருப்பதால் அதைத் தொட வேண்டியதே இல்லை. பானெட் திறக்கும் கிட் என்றால் ஸ்டீரிங் பெட்டியும் இடம் பெயர வேண்டும், அங்கே ஏற்கெனவே இருக்கும் சாமான்களுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பலர் மறப்பது வைப்பரை. அதுவும் திசை மாறிப் படுக்க வேண்டும். உடலோடு வார்த்த பழைய வைப்பரைச் சீவிவிட்டு, கிட்டின் பாகங்கள் ஒட்டி வந்த பிளாஸ்டிக் சட்டத்தில் மிஞ்சிய துண்டை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே சுழற்றுகிறேன். பளபளத்துத் தொய்யத் தொடங்கும் நொடியில் சுடரைவிட்டு விலக்கி இரண்டு பக்கமும் இழுத்தால், தலைமுடி அளவுக்கு இழை வரும். புது வைப்பர் கை அதுதான்.

எண்பலகை இல்லாமல் ஊர் வண்டியாகுமா? கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து, பேராவுக்கு உரிய ‘ஏ’. வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை டெக்கால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) எழுத்துகளை வெற்றிடமாக விட்டுச் சுற்றிலும் கறுப்பை அச்சடித்தால் வேலை முடிந்தது. அமெரிக்கப் பலகை பன்னிரண்டு அங்குல அகலம், 1/25 அளவில் 12 மில்லிமீட்டர். அந்த இடத்தில் நம் இரண்டு வரிப் பலகை கச்சிதமாக உட்காரும்.

சாயம் பூசுவதில் நம் ஊர்தான் எதிரி. லேக்கர் ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிகிறது, பளபளப்பான கறுப்பு பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடுகிறது. காலைப் பனி விலகி, பிற்பகல் மழை கட்டுவதற்கு முன் உள்ள நேரமே பூசுவதற்கு ஏற்றது. வெளுத்துப்போனதைத் துடைக்க வேண்டாம். காய்ந்த நாளில், மெதுவாக உலரும் தின்னர் கலந்து மெல்லிய பூச்சொன்று கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தமியாவின் டி.எஸ். ஸ்பிரேக்கள் என் அனுபவத்தில் நம்பகமானவை. கார்ப் பட்டறை ஸ்பிரே மலிவுதான், ஆனால் பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாத பிளாஸ்டிக்கில் அடித்தால் பரப்பை அரித்துச் சுருக்கிவிடும். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த உடலுக்கு வெள்ளை பூச நினைத்தால், அடியில் முதலில் வெள்ளிச் சாயம் கொடுங்கள். இல்லையென்றால் சில வாரங்களில் வெள்ளை ரோஜா நிறமாகும். பழைய சாயத்தை உரிக்க பிரேக் எண்ணெய் போதும், கையுறை மட்டும் அவசியம். குரோம் பூச்சை வெளுப்பு நீர் கரைத்துவிடும். அதன் அடியில் இருக்கும் வார்னிஷ் அவ்வளவு சுலபத்தில் போகாது.

டெக்கால் மஞ்சளித்திருந்தால் ஒரு பையிலிட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள், வெயில் வெளுத்துத் தரும். தண்ணீரில் போட்டதும் நொறுங்கும் வயதான டெக்காலுக்கு முன்கூட்டியே தெளிவான லேக்கர் ஒரு பூச்சு வேண்டும். டெக்காலின் பசையில் மாவுச்சத்து இருப்பதால் கரப்பானுக்கு அது தீனி. பெட்டி அட்டைக்குக் கரையான் வேறு. என் டெக்கால் தாள்கள் எல்லாம் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.

வாங்குவதைப் பொறுத்தவரை, இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் பத்து விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் அஞ்சல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஏலத்தில் கை வைக்க வேண்டும். ஏ.எம்.டி., எம்.பி.சி. என்ற பழைய கிட் பெயர்களின் வார்ப்பு அச்சுகள் இப்போது ரவுண்ட் 2 நிறுவனத்திடம் இருக்கின்றன. பழைய கிட்டுகளை அதே படம் போட்ட பெட்டியில் மறுபடி வெளியிடுகிறார்கள், டெக்கால் புதிது, விலையும் குறைவு. கட்டுவதற்கு அதை வாங்குகிறேன். அசல் பழையதை வாங்குவது மறுவெளியீடு வராத காருக்கு மட்டும். அதையும் விற்பவரிடம் பிரித்து டயர் கிடக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன்.