ஒரு வருட பிராட்பேண்ட் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்: எங்கள் 11,800 ரூபாய் போய்விட்டது

வீட்டுக்குப் புது பிராட்பேண்ட் எடுக்கலாம் என்று இருப்பவர்கள், அதிலும் கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். ஒரு வருடத்துக்கு என்று 11,800 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஐந்தாவது மாதம் லைன் கட்டாகிவிட்ட நிலையில், போனை எடுக்க மறுக்கிறார் எங்கள் ஏரியா ஆபரேட்டர். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் இணைப்பை உள்ளூரில் எடுத்து நடத்துகிறவர், கேபிள் டிவியும் வைத்திருக்கிறவர். திருச்சி உறையூர் பக்கம். கேமிங்குக்கும் ஓடிடிக்கும் எப்படிப்பட்ட இணைப்பு எடுக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

தம்பி கல்லூரியில் படிக்கிறான். இரவில் வலோரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுவான், சில நாள் அதை யூடியூபில் லைவ் போடுவான். அம்மாவுக்கு ஹாலில் டிவியில் சீரியல். எனக்கு ஆபீஸ் வீடியோ கால். பழைய இணைப்பு இதற்கெல்லாம் தாங்கவில்லை. மாற்றலாம் என்று விசாரித்தபோது எதிர் வீட்டு அத்தைதான் இந்த ஆபரேட்டரின் நம்பரைக் கொடுத்தார். அவர்களும் வருடப் பணம் கட்டியவர்கள்தான்.

கூப்பிட்ட அன்றே வந்துவிட்டார். "தங்கச்சி, நானும் இந்தத் தெருவுல வளர்ந்தவன்தான், உங்க அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்" என்று உட்கார்ந்தார். அப்பா இப்போது இல்லை. அவர் பெயரைச் சொல்லி வந்த மனிதருக்கு அம்மா காபி போட்டுக் கொடுத்தார். தம்பி கேட்ட ஒரே கேள்வி, பிங் எவ்வளவு வரும் என்பதுதான். பிங் என்றால் நம் சிக்னல் சர்வருக்குப் போய்த் திரும்பிவரும் நேரம், குறைந்தால் நல்லது. உடனே எதிர் வீட்டு வைஃபையில் தன் போனைப் போட்டு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டினார். 200-க்கு மேல் எம்பிபிஎஸ், பிங் வெறும் 4 மில்லிசெகண்ட். "4 பிங் தம்பி, இதுக்கு மேல யாரு தருவா?" என்றார். தம்பி முகத்தில் வந்த சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு இப்போது வயிறு எரிகிறது.

மாதக் கணக்கில் எடுத்தால் ரூட்டருக்கும் இணைப்புக்கும் தனிக் காசு, வருடமாகக் கட்டினால் இரண்டும் இலவசம், ஓடிடியும் சேர்த்து என்றார். 200 எம்பிபிஎஸ் திட்டம், வருடத்துக்கு 10,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,800. ஆக 11,800. யுபிஐயில் போடும்போது நிறுவனத்தின் பெயர் வராமல் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அதைக் கேட்டேன். "பார்ட்னர் அக்கவுண்ட் தங்கச்சி, எல்லாரும் இதுலதான் போடுறாங்க, பில் ஆப்புலயே வந்துரும்" என்றார். அத்தையும் ஆமாம் என்றார். போட்டேன். ஜிஎஸ்டி என்று 1,800 வாங்கியவர் ஜிஎஸ்டி பில் இன்று வரை தரவில்லை.

இணைப்பு வந்த நாளிலேயே கோளாறு தெரிந்தது. தம்பி கம்ப்யூட்டரில் கேபிள் போட்டுச் சோதித்தால் 94-க்கு மேல் ஏறவே இல்லை. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. அவர் கொடுத்த "இலவச" ரூட்டரில் கேபிள் சொருகும் இடம் (லேன் போர்ட்) 100 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும். அதில் நடைமுறையில் 94, 95-தான் வரும். வைஃபையாவது வேகமாக இருக்குமா என்றால் அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. சுற்றியுள்ள வீடுகளின் வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் இரைந்துகொண்டிருக்க, பக்கத்து அறையில் 40 வந்தால் பெரிது. 200-க்குக் காசு வாங்கிக்கொண்டு 200 வரவே முடியாத ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கேட்டதற்கு, "உங்க வீட்டுக்கு 94 போதாதா தங்கச்சி?" என்றார். போதுமா போதாதா என்பது என் கேள்வி இல்லை. 200 என்று சொல்லித்தானே வாங்கினார்?

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். கேம் இழுக்கும் டேட்டா அதைவிட மிகக் குறைவு. கேமுக்கு வேண்டியது போய்வரும் நேரம் சீராக இருப்பது. அதுதான் இல்லை. வலோரண்ட் சர்வர் இருப்பது மும்பையில். பகலில் 35 மில்லிசெகண்ட் பிங் வரும், நல்ல அளவு. இரவு எட்டு மணி ஆனால் 180, 200 என்று எகிறும், அனுப்பும் டேட்டா வழியிலேயே தொலைந்துபோகும் பாக்கெட் லாஸ் வேறு. எதிரி சுவரைத் தாண்டி வருவது தெரிவதற்குள் தம்பி செத்துக் கிடப்பான். லைன் நடுவில் அறுந்தால் ஆட்டத்தை விட்டு ஓடியவன் என்று கணக்கு வைத்து கேமே அவனுக்குத் தடை போடும். மாதக்கணக்கில் விளையாடி ஏற்றிய ரேங்க் சரிந்து போனது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அதற்காகத்தான் என்று சொல்லித்தான் அந்த 11,800 ரூபாய் கொடுத்தோம்.

அந்த 4 மில்லிசெகண்ட் எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் புரிந்தது. ஸ்பீடு டெஸ்ட் பக்கத்தில் இருக்கும் சர்வரைத்தான் தானாகத் தேர்ந்தெடுக்கும். அவர் காட்டியது அவர்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும் சர்வர். தெரு முனை வரைக்கும் பாதை காலியாக இருந்ததைக் காட்டினார், அவ்வளவுதான். அங்கிருந்து மும்பைக்குப் போகும் பாதையில் எத்தனை தெருக்காரர்களை ஒரே குழாயில் திணித்திருக்கிறார் என்பது இரவு எட்டு மணிக்குத்தான் தெரியும். இனி யார் ஸ்பீடு டெஸ்ட் காட்டினாலும், சர்வரை மும்பைக்கு மாற்றி, இரவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

புகார் சொன்னபோதெல்லாம் என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். "யூடியூப் ஓடுதா? ஓடுதுல்ல, அப்ப லைன் சூப்பரா இருக்கு." யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களை இணைய நிறுவனங்களின் உள்ளேயே சர்வர் வைத்துக் கொடுக்கின்றன. அதனால் மும்பைப் பாதை நெரிந்தாலும் வீடியோ ஓடும். போதாக்குறைக்கு வீடியோ கொஞ்ச நேரத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். கேமில் அப்படி எதையும் முன்கூட்டி இறக்க முடியாது. இதைச் சொன்னால், "தம்பி கேம் ரொம்ப ஆடுறான், படிக்கச் சொல்லுங்க" என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளை படிப்பதைப் பற்றிப் பேச இவர் யார்? ஆப்பில் டிக்கெட் போட்டால் யாரும் வராமலேயே "சரிசெய்யப்பட்டது" என்று மூடிவிடுவார்கள். ஒரு பையன் வந்தான், ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தான், கையெழுத்துக் கேட்டான்.

போன வாரம் லைனே நின்றது. பிரவுசரைத் திறந்தால் "உங்கள் திட்டம் முடிந்துவிட்டது, ரீசார்ஜ் செய்யவும்". ஆபரேட்டர் எடுக்கவில்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டேன். அந்தப் பெண் பார்த்துச் சொன்னதைக் கேட்டுக் கை நடுங்கிவிட்டது. எங்கள் பெயரில் வருடத் திட்டமே இல்லையாம். 100 எம்பிபிஎஸ் மாதத் திட்டம், மாதாமாதம் ஏஜென்சி ரீசார்ஜ் செய்திருக்கிறது, இந்த மாதம் செய்யவில்லை. எங்கள் 11,800 ரூபாயைத் தன் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாதம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டிருக்கிறார்! ரூட்டர் ஏன் அப்படி இருந்தது என்பதற்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. "பார்ட்னரிடம் பேசிக்கொள்ளுங்கள் மேடம், அந்தப் பணம் எங்களுக்கு வரவில்லை" என்று முடித்துவிட்டார்கள். அவர்கள் பெயர்ப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதானே அவர் வசூல் செய்கிறார், அது மட்டும் அவர்களுக்குத் தெரியாதாம்.

நேரில் போனோம். "அடுத்த வாரம் முடிச்சுத் தர்றேன் தங்கச்சி." பிறகு போனபோது அந்த நிறுவனத்தோடு தனக்கு ஒத்துவரவில்லை, வேறு நிறுவனத்துக்கு மாறுகிறேன், அதில் புதிதாகப் பணம் கட்டினால் சலுகை தருகிறேன் என்றார். மறுபடியும் பணம்! திருப்பிக் கேட்டதற்கு ரூட்டர், இணைப்புச் செலவு எல்லாம் போக 3,000 தருகிறேன் என்றார். இலவசம் என்று சொன்ன ரூட்டர். அந்த 3,000-ம் வரவில்லை. அப்பாவைத் தெரியும் என்றவர் இப்போது அம்மா நம்பரிலிருந்து போனாலும் கட் செய்கிறார். எதிர் வீட்டு அத்தைக்கும் அதே கதி, அவர் எனக்கு நம்பர் கொடுத்தோமே என்று அழுகிறார்.

தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. அவசரமாக இவை மட்டும். யார் சொன்னாலும் வருடப் பணம் கட்டாதீர்கள், முதலில் ஒரு மாதம் மட்டும் எடுங்கள். பணத்தை நிறுவனத்தின் ஆப்பிலேயே கட்டுங்கள், கட்டியதும் உள்ளே திட்டத்தின் பெயர், வேகம், முடியும் தேதி மூன்றையும் பாருங்கள். ரூட்டரில் கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) போர்ட்டும் 5 கிகாஹெர்ட்ஸும் இருக்கிறதா என்று மாட்டும் முன்பே கேளுங்கள். லைவ் போடுகிறவர்கள் அப்லோடு வேகம் தனியாக எவ்வளவு என்று கேளுங்கள். அதே தெருவில் கேம் ஆடும் பிள்ளை யாராவது இருந்தால் அவனிடம் இரவு பிங் எவ்வளவு என்று கேளுங்கள், ஏஜெண்டிடம் கேட்காதீர்கள்.

ஏமாந்தவர்களுக்கு: டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தனிநபர் புகாரை எடுத்து விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம். நிறுவனத்தில் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கி, சரியாகவில்லை என்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் பதிவு செய்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை. யுபிஐ ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய "ஒரு வருஷம் 200 எம்பிபிஎஸ்" வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

உறையூர், புத்தூர் பக்கம் இதே போலக் கேபிள்காரரிடம் வருடப் பணம் கட்டியவர்கள் இருந்தால், லைன் ஓடிக்கொண்டிருந்தாலும் இன்றே நிறுவனத்தைக் கூப்பிட்டு உங்கள் பெயரில் என்ன திட்டம் இருக்கிறது என்று கேளுங்கள். மாதத் திட்டம் என்று சொன்னால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அத்தையும் நானும் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம், உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம்.