ஓஇசிடியின் டிவா தரவுத்தளம்: ‘உள்நாட்டு மதிப்பு’ யாருடையது?

அந்நிய நேரடி முதலீடு ஒரு நாட்டை உலக உற்பத்திச் சங்கிலியில் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று எண்களில் பார்க்க, இருப்பவற்றில் சிறந்த கருவி டிவா (TiVA): ஏற்றுமதிப் பொருளின் மதிப்பில் எந்த நாட்டில் எவ்வளவு கூடியது என்று பிரித்துக் காட்டும், ஓஇசிடி (OECD) என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் தரவுத்தளம். கட்டணமில்லை, பதிவு செய்யவும் வேண்டாம். 2023 வெளியீட்டில் 76 நாடுகள், 45 தொழில் பிரிவுகள், 1995 முதல் 2020 வரை.

ஓஇசிடியின் தரவுத் தேடல் தளமான டேட்டா எக்ஸ்ப்ளோரரில் ‘மொத்த ஏற்றுமதியில் வெளிநாட்டு மதிப்புக்கூட்டலின் பங்கு’ என்ற குறியீட்டை எடுங்கள். தொழில் பிரிவை ‘மொத்தம்’ என்று விட்டால் ஒன்றும் தெரியாது. வியட்நாமுக்கு சி26, அதாவது கணினி, மின்னணுக் கருவிகள் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். 2009-ல் வடக்கு வியட்நாமின் பாக் நின் மாகாணத்தில் சாம்சங்கின் கைபேசி உற்பத்தி தொடங்கியது. ஏற்றுமதி மளமளவென ஏறியது. ஆனால் அதன் மதிப்பில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்த பாகங்களுடையது. பொருத்தித்தரும் நாடு என்ற இடம் இதில் தெளிவாகவே தெரிகிறது.

பெரிய குறை இங்கேதான். டிவாவில் ‘உள்நாட்டு’ என்பது இடத்தைக் குறிக்கும், உரிமையாளரை அல்ல. பாக் நின் ஆலையின் லாபம் தென் கொரியாவுக்குப் போனாலும் வியட்நாமின் மதிப்பாகவே பதிவாகும். வியட்நாம் ஏற்றுமதியில் 70 சதவீதத்துக்கு மேல் அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் செய்வது. எனவே மீதி மதிப்பை அப்படியே நாட்டின் வருமானமாக எடுத்துக்கொண்டால் கணக்கு மோசமாகத் தவறும். ஓஇசிடியின் இன்னொரு தொகுப்பான பகுப்பாய்வு ஆம்னி (Analytical AMNE, பன்னாட்டு நிறுவனங்களின் செயல்பாடு பற்றியது), ஒவ்வொரு தொழிலையும் உரிமையாளர் வாரியாகப் பிரிக்கிறது. இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஆம்னியிலும் பல எண்கள் மதிப்பீடுகள்தான்.

அடுத்த குறை சராசரி. ஒரு தொழிலின் எல்லா ஆலைகளும் ஒரே விகிதத்தில் இறக்குமதி செய்வதாக டிவா கொள்கிறது. ஆனால் ஏற்றுமதிக்கான ஆலைகள் அதிகம் இறக்குமதி செய்பவை. சீனாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும், டிவாவின் அடிப்படையான நாடுகளிடை உள்ளீடு-வெளியீடு அட்டவணைகளில் (எந்தத் தொழில் எதனிடம் எவ்வளவு வாங்குகிறது என்ற கணக்கு) இதைத் தனியே பிரித்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு அப்படி இல்லை. ஸ்ரீபெரும்புதூரின் கைபேசி ஆலைகள் நாட்டுச் சராசரியில் கரைந்துவிடும். கச்சா எண்ணெய் விலை ஏறிய ஆண்டுகளில் இறக்குமதிச் செலவு கூடியதாலேயே வெளிநாட்டுப் பங்கு உயரலாம்; அதைச் சங்கிலியில் ஆழமாக இணைந்ததாக எண்ணிவிடாதீர்கள்.

அந்த உள்ளீடு-வெளியீடு அட்டவணையை முழுதாக எக்செல்லில் திறக்க முயல வேண்டாம்: 3,465 வரிசைகள், ஏறக்குறைய அதே அளவு நெடுவரிசைகள். ஆர் (R) அல்லது பைத்தான் நிரல்மொழி போதும்.

இலங்கை இந்த 76-ல் இல்லை. அதற்கு யோரா (Eora) போன்ற வேறு உள்ளீடு-வெளியீடு தரவுத்தளங்களை நாட வேண்டும். அதன் சுருக்கப் பதிப்பான யோரா26-ல் சுமார் 190 நாடுகள் உண்டு, தொழில் பிரிவுகளோ 26 மட்டுமே. ஆடைத் தொழிலைத் துணியிலிருந்து பிரித்துப் பார்க்க அதில் வழியில்லை.