15 வருடக் கரண்டியும் எங்கள் கறுத்த கூரையும்

உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் யாராவது இந்த வருடம் கூரை மாற்றப் போகிறீர்கள் என்றால், முற்பணம் கொடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கள். எங்களுக்கு ஓடு விற்ற கடையின் பெயரைக் கேட்காதீர்கள், எழுத மாட்டேன். எழுதினாலும் பயனில்லை. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள்.

2021 பங்குனியில் பழைய சீற்றைக் கழற்றிவிட்டு ஓடு போட முடிவு செய்தோம். என் கணவர் கட்டாரில் இருந்து மூன்று வருடமாக அனுப்பிச் சேர்ந்த காசு. கடையில் இருந்து வந்த தம்பி தட்டையான, கருஞ்சாம்பல் நிற ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுவந்தான். "சிலேற்" என்றான். உண்மையில் சிலேற் என்பது கல்லைப் பிளந்து எடுப்பது. இவன் கொண்டுவந்தது கொங்கிறீற் ஓட்டுக்கு மேலே நிறம் அடித்த சாமான். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கிணற்றடிக்குப் போய் வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் காட்டினான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"பாருங்கோ அக்கா, தண்ணி நிக்கவே நிக்காது. தண்ணி நிக்காட்டிப் பாசி எங்க பிடிக்கிறது? 15 வருசக் கரண்டி." உத்தரவாதத்தை, அதாவது கரன்ரியை, அவன் அப்படித்தான் சொன்னான்.

விறாந்தையில் இருந்த அம்மா, "கரண்டி இருக்கட்டும் தம்பி, சட்டியைக் காட்டு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அந்த வீட்டில் விசயம் விளங்கியிருந்தது அம்மாவுக்கு மட்டும்தான்.

வேலை முடிந்ததும் பொன்நிறக் கரை போட்ட சான்றிதழ் ஒன்று தந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் இல்லை. முன்பக்கத்தில் பெரிதாக இருந்த 15ஐப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பாமல் காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் பூட்டினேன்.

முதல் மாரியில் ஓடு வெளுத்தது. சாம்பல் பூசினதுபோல் திட்டுத் திட்டாக. போன் எடுத்தேன். "அது சுண்ணாம்பு அக்கா, தானாப் போயிடும்" என்றான். இதில் அவனைக் குறை சொல்லமாட்டேன். புதுக் கொங்கிறீற்றில் மிஞ்சியிருக்கிற சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து மேலே வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. ஓட்டின் பலத்துக்கு அதால் கெடுதி இல்லை. அடுத்த ஐப்பசி மழையில் பாதி போயும் விட்டது. அதனாலேயே அவன் சொன்ன மற்றதையும் நம்பினேன்.

இரண்டாவது மாரியில் வாடைக்காற்றுப் பக்கம், மாமர நிழல் விழுகிற சரிவில், பச்சை. 2023 தைப்பொங்கலுக்குள் அது கறுப்புக் கோடுகளாக முகட்டில் இருந்து கூரை விளிம்பில் மழைநீர் ஓடுகிற பீலி வரைக்கும் வடிந்துவிட்டது. புகை என்று அம்மா நினைத்தார், ஊத்தை என்று நான் நினைத்தேன். இரண்டும் இல்லை. நீலப்பச்சைப் பாசி என்கிற நுண்ணுயிர். கடும் வெயிலில் இருந்து தப்பத் தன்னைச் சுற்றிக் கறுத்த உறை போட்டுக்கொள்கிறதாம். ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் ஈரம் காயாத ஊரில், நுண்துளை உள்ள ஓட்டில் அது வராமல் இருந்தால்தான் புதினம். தண்ணீர் உருண்டு ஓடியது அந்த மேற்பூச்சு புதிதாக இருந்த வரைக்கும்தான்.

மூன்று மாதம் போன் எடுத்த பிறகு ஒருவர் வந்தார். படம் எடுத்தார். "கழுவினால் புதுசு மாதிரி வரும், எங்கட பெடியங்களை அனுப்புறன்" என்றார். 38,000 ரூபாய். கரண்டி இருக்கும்போது ஏன் காசு என்று கேட்டேன். கரண்டி ஓட்டுக்கு, கழுவுறது சேவைக்கு என்றார். கொடுத்தேன்.

வந்த பெடியங்கள் வாகனம் கழுவுகிற பிறசர் இயந்திரத்தைக் கூரையில் ஏற்றினார்கள். பாசி போனது. கூடவே நிறமும் மீன் செதில்போலக் கழன்று பீலியில் வந்து அடைத்தது. மல்லிகைப் பந்தலுக்குக் கீழே கருஞ்சாம்பல் துகள் கூட்டிக் கூட்டி அள்ளினேன். மேற்பூச்சுப் போன இடத்தில் வெறும் சீமெந்து, சொரசொரப்பாக. பாசிக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. அடுத்த மாரியில் முன்பைவிட இரண்டு மடங்கு கறுப்பு.

அப்போதுதான் சான்றிதழின் பின்பக்கத்தைத் திருப்பினேன். உத்தரவாதம் ஓடு தானாக வெடிப்பதற்கும் ஒழுகுவதற்கும் மட்டும். நிறம் மங்குதல், பாசி, பூஞ்சணம் சேராது. உயர் அழுத்தத்தில் கழுவினால் முழு உத்தரவாதமும் செல்லாது. கழுவினது அவர்களுடைய ஆட்கள் என்று சொன்னேன். "பில் இருக்கா?" என்றார்கள். கையில் காசு கொடுத்தேன், பில் வாங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: கடற்கரையில் இருந்து 2 கிலோமீற்றருக்குள் உள்ள கட்டடங்களுக்கு இது பொருந்தாது. எங்கள் வீட்டில் இருந்து கடல் 600 மீற்றர். அது அந்தத் தம்பிக்கும் தெரியும், வெயிலுக்குக் கடற்கரையில் நின்று இளநீர் குடித்துவிட்டுத்தானே வந்தான். திருகோணமலை நகரத்தையே எடுங்கள், ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். இந்த ஓட்டைக் கடலில் இருந்து தள்ளி உள்ளே, கன்னியா வெந்நீரூற்றடியில் இருக்கிறவர்களுக்குத்தான் விற்றிருக்க வேண்டும்.

எங்களுக்கு விற்ற முகவரைக் கேட்டால் கொழும்புக் கொம்பனி என்றார். கொம்பனியைக் கேட்டால் முகவரிடம் வாங்கினீர்கள் என்றார்கள். ஓடு வாங்கின பில்லில் "கூரைப் பொருட்கள்" என்று மட்டும் இருந்தது. நிறம், பாசி, 15 வருடம் ஒன்றும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம் என்று போனால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பாசி பிடிக்கவே எனக்கு இரண்டு மாரி எடுத்தது. உங்களுக்கு இன்னும் நாள் இருந்தால் சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஓடு பார்க்கப் போகிறவர்கள் புது ஓட்டைப் பார்க்காதீர்கள், உடைந்த ஓட்டைக் கேளுங்கள். உடைந்த இடத்தில் நிறம் உள்ளே வரைக்கும் இருந்தால் அது கலவையிலேயே சேர்த்தது. விளிம்பில் மட்டும் கோடுபோல இருந்தால் எங்கள் வீட்டு ஓடு. பாசி ஏற்கெனவே பிடித்திருந்தால் பிறசர் வேண்டாம். குளோரின் கரைசலைத் தண்ணீர் கலந்து மெதுவாகத் தெளித்துக் கழுவலாம், ஆனால் பீலித் தண்ணீர் கிணற்றுப் பக்கமோ மழைநீர்த் தாங்கிக்கோ போகாமல் முதலில் திருப்பிவிடுங்கள். இன்னொன்று, எங்கள் டிஷ் அன்ரெனாவை நிறுத்திய நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய்க்குக் கீழே ஒரு சாண் அகலத்தில் ஓடு இன்னும் சுத்தமாக இருக்கிறது. மழை அந்த நாகத்தைக் கரைத்துக்கொண்டு வடிகிற பாதையில் பாசிக்கு இடமில்லை. முகட்டோரம் ஒரு நாகத் தகடு பொருத்தியிருந்தால் பாதிக் கூரையாவது தப்பியிருக்கும். அதை எனக்கு விற்க ஒருவரும் வரவில்லை.

கூரை ஒழுகவில்லை, அதையும் சொல்லவேண்டும். அவர் வீடியோவில் வீட்டைக் காட்டச் சொல்லும்போது கமராவை முற்றத்துப் பக்கமே பிடிக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், போன கிழமை அடுத்த ஒழுங்கை மாமி வீட்டுக்கு வேறொரு தம்பி வந்திருக்கிறான். கொம்பனிப் பெயர் வேறு, கரை அதே பொன்நிறம். "பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்று மாமி கொண்டுவந்தார். நேரே பின்பக்கத்தைத் திருப்பினேன். கடற்கரை வரி அப்படியே இருந்தது. 2 கிலோமீற்றர் மட்டும் 5 ஆகியிருந்தது.