ஏபோத்துக்குப் பொருள் தேட செஃபாரியா எவ்வளவு உதவும்?

யாத்திராகமம் 28-ஐ வாசிக்கிற யாரும், ஆசாரிய உடைகளில் ஒன்றான ‘ஏபோத்து’ வந்ததும் ஒரு நிமிஷம் நிற்பார்கள். பழைய தமிழ் வேதாகமம் அதைத் தமிழாக்கவில்லை. எபிரேயச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்துவிட்டது. வேதாகமத்தின் மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்த ஸ்ட்ராங் தொகுப்பின் செயலியைப் போனில் தட்டினால் 646 என்ற எண் வரும். கச்சை, பிரதான ஆசாரியனின் தோளுடுப்பு, விக்கிரகம் என்று மூன்று பொருளும் வரும். கச்சையும் விக்கிரகமும் எப்படி ஒரே சொல்லாயின என்று கேட்டால் அது வாய் திறக்காது. 1890-இல் வந்த அந்தத் தொகுப்பின் வேலை, எந்த வசனத்தில் எந்தச் சொல் என்று காட்டுவதுதான்.

யூத வேதநூல்களையும் அவற்றின் உரைகளையும் இணையத்தில் தருகிற செஃபாரியா தளம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்காமலே படிக்கலாம். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘எக்ஸோடஸ் 28:4’ என்று அடித்து, வசனத்தைத் தட்டினால் பக்கத்தில் உரைகளின் பட்டியல் விரியும். எபிரேயச் சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்தால் அகராதிக் குறிப்பு வரும். அகராதியை விட உரைகளை முதலில் பாருங்கள்.

ராஷியின் உரையைத் திறந்தால் ஓர் ஆச்சரியம். வேதாகமத்துக்கு உரை எழுதிய 11-ஆம் நூற்றாண்டின் அந்த யூதப் பேரறிஞர், ஏபோத்தின் வடிவத்தைப் பற்றித் தாம் யார் சொல்லியும் கேட்டதில்லை, பழைய மரபு நூலிலும் காணவில்லை என்று வெளிப்படையாக எழுதுகிறார். பின்னால் கட்டிக்கொள்கிற, முதுகின் அகலமுள்ள ஏப்ரன் போன்ற ஒன்று என்று தம் மனசுக்குப் படுவதாகச் சொல்கிறார். பிரபுக் குடும்பத்துப் பெண்கள் குதிரையேறும்போது கட்டுகிற துணியை அதற்கு உவமையாக்குகிறார். ஒற்றை வரி அகராதி மறைத்துவிடுகிற தயக்கம் இங்கே கண்முன் நிற்கிறது.

அதோடு மூடிவிடாமல் 28:6-க்கும் போங்கள். முழு அமைப்பை ராஷி அங்கேதான் ஒரே இடத்தில் சொல்கிறார். உடலைச் சுற்றும் துணி, அதனோடு சேர்த்தே நெய்த கச்சை, இரண்டு தோள்பட்டைகள், தோளுக்கு ஒரு கல், கல்லுக்கு ஆறு கோத்திரப் பெயர்கள். நூல் கணக்கும் அங்கே உண்டு: பொன்னைத் தகடாக அடித்து இழையாக நறுக்கி, ஒவ்வொரு வகை நூலின் ஆறு இழைகளோடும் ஒரு பொன்னிழை சேர்த்து முறுக்க வேண்டும். நான்கு வகை நூல், ஏழேழு இழை, ஆக 28.

மார்ப்பதக்கமும் ஏபோத்தும் ஒன்றென்று நினைப்பது பரவலான தவறு. பதக்கம் தனி உருப்படி. மேலே பொன் சங்கிலியால் தோள்பட்டையோடும், கீழே இளநீல நாடாவால் ஏபோத்தின் வளையங்களோடும் இணையும். 28:28 அதைச் சொல்கிறது, காரணத்தோடு: பதக்கம் அவிழ்ந்து நழுவக் கூடாது.

தமிழ் வாசகருக்கு இந்தத் தளத்தின் பெரிய லாபம் துணி விஷயத்தில். பிரதான ஆசாரியனின் ஏபோத்துக்கு நம் வேதாகமம் ‘பஞ்சுநூல்’ என்கிறது. சாமுவேலும் தாவீதும் உடுத்தியது ‘சணல்நூல்’ ஏபோத்து. ஒன்று பருத்தி, மற்றது சாக்குத் துணி என்றே இன்றைய காதில் விழும். மூலத்தில் முதலாவது ‘ஷேஷ்’, இரண்டாவது ‘பத்’. யாத்திராகமம் 39:28-ஐத் திறந்தால் ஒரே உள்ளாடைக்கு இரண்டு சொல்லும் சேர்ந்து வருகின்றன. இரண்டுமே ஆளிச்செடி நாரில் செய்த லினன்தான். இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. வண்ண நூல்கள் கம்பளி என்பது யூத மரபு. கம்பளியும் லினனும் கலந்த உடையை உபாகமம் 22:11 மற்றவர்களுக்குத் தடுக்கிறது. ஆசாரியனின் ஏபோத்தில் அந்தக் கலப்பே கட்டளையாகிறது. பஞ்சு என்று வாசித்தால் இந்த முரண் கண்ணில் படவே படாது.

தேடும்போது சறுக்குகிற இடம் எழுத்துக்கூட்டல். இதே சொல் ‘வாவ்’ என்ற எபிரேய எழுத்தோடு ஓரிடத்திலும் இல்லாமல் இன்னோரிடத்திலும் வரும். யாத்திராகமம் 28:4-இல் உண்டு, 28:6-இல் இல்லை. இரண்டையும் தேடாவிட்டால் பாதி வசனம் தப்பிவிடும். எண்ணாகமம் 34:23-இல் வருவது ஓர் ஆளின் பெயர், அதைத் தள்ளிவிடுங்கள். சொல்லை மொழிபெயர்ப்புக் கருவியில் ஒட்டினால் கையில்லாத மேலுடை என்று வரலாம். அது இன்றைய எபிரேயப் பொருள்.

வேர்ச்சொல்லை வைத்துப் பிரசங்கம் கட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘கட்டு’ என்று பொருள்படும் ‘ஆஃபத்’ வினை வேதாகமத்தில் இரண்டே இடங்களில், யாத்திராகமம் 29:5-இலும் லேவியராகமம் 8:7-இலும் வருகிறது. இரண்டுமே ஏபோத்தைக் கட்டுவது பற்றித்தான். அதைக்கொண்டு ஏபோத்தை விளக்குவது செக்குமாட்டு நடை. ஏசாயா 30:22 அதைவிடப் பயன்படும்: அங்கே உறவுச் சொல் ஒன்று விக்கிரகத்தின் பொன் மேற்பூச்சைக் குறிக்கிறது. அதை வைத்துக்கொண்டு நியாயாதிபதிகள் 8-இல் கிதியோன் 1,700 சேக்கல், அதாவது ஏறக்குறைய 19 கிலோ, பொன்னில் ஏபோத்து செய்ததைப் படித்தால், விக்கிரகம் என்ற மூன்றாம் பொருள் எங்கிருந்து முளைத்தது என்று ஊகிக்க முடியும்.

தளத்துக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண். தமிழ் இல்லை என்பதற்காக ஒன்றைக் குறைக்கவில்லை. அகராதியின் வயதுக்காகக் குறைத்தது. அங்கே முன்னால் நிற்கிற பிரௌன்–டிரைவர்–பிரிக்ஸ் அகராதி 1906-இல் வந்தது. சிரியாவின் பழைய நகரமான உகாரித்தில், எபிரேயத்துக்கு உறவான மொழியில் எழுதிய களிமண் பலகைகள் கிடைத்தது 1929-இல். ஏபோத்தோடு ஒப்பிடப்படுகிற உகாரித்தியச் சொல் அதில் இருக்க வழியில்லை. அதற்குப் பிற்கால அகராதி ஒன்றை நூலகத்தில்தான் புரட்ட வேண்டும். ‘தோளுடுப்பு’ என்ற பொருளை நிலைநிறுத்திய கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகளுக்கும் வேறு தளம் பார்த்துக்கொள்ளுங்கள்.