ஹாக்னி வழியா, டவர் ஹாம்லெட்ஸ் வழியா? பள்ளிகளை நிமிர்த்த ஒரு கவுன்சிலுக்கு உள்ள பாதைகள்

கிழக்கு லண்டனில் ஹாக்னியும் டவர் ஹாம்லெட்ஸும் பக்கத்துப் பக்கத்து உள்ளாட்சிக் கவுன்சில்கள். உள் லண்டன் முழுவதற்கும் இருந்த ஒரே கல்வி ஆணையத்தை 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டம் கலைத்ததால், 1990 ஏப்ரல் 1 முதல் அந்தந்தப் பகுதிப் பள்ளிகள் அந்தந்தக் கவுன்சிலின் பொறுப்புக்கு வந்தன. இரண்டுமே தடுமாறின. 1997இல் இங்கிலாந்தின் 149 கல்வி ஆணையங்களில் டவர் ஹாம்லெட்ஸுக்குக் கிடைத்தது 149ஆவது இடம். ஹாக்னியில் 1995 டிசம்பரில் ஹாக்னி டவுன்ஸ் பள்ளி இழுத்து மூடப்பட்டது. 2010களின் தொடக்கத்தில் பார்த்தால், ஏழைக் குழந்தைகள் நிறையப் பேர் படிக்கும் இந்த இரு பகுதிகளும் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் நாட்டுச் சராசரிக்குச் சமமாகவோ மேலாகவோ நின்றன. போன வழிதான் வேறு.

எங்கள் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறோம். கவுன்சிலின் கல்வி அலுவலகம் ஓரளவேனும் வேலை செய்யும் நிலையில் இருந்தால் டவர் ஹாம்லெட்ஸ் வழியே மேல். செலவு குறைவு என்பதற்காக அல்ல, இப்போது பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கே பலன் போய்ச் சேரும் என்பதற்காக. அலுவலகமே நொறுங்கிக் கிடந்தால் ஹாக்னி வழியைத் தவிர வேறில்லை. லாப நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும் மூன்றாவது வழியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

டவர் ஹாம்லெட்ஸ்: பள்ளியையும் அலுவலகத்தையும் கைவிடாமல்

1997இல் கிறிஸ்டீன் கில்பர்ட் கல்வி இயக்குநராக வந்தார். (2006இல் நாட்டின் தலைமைக் கல்வி ஆய்வாளராகவும் ஆனவர்.) அடுத்த ஆண்டே, பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கை கவுன்சிலைக் கடுமையாகக் குறை சொன்னது. கவுன்சில் அதோடு மல்லுக்கு நிற்காமல், அதில் இருந்த ஒவ்வொரு குறையையும் வேலைத் திட்டமாக மாற்றிக்கொண்டது. வறுமையைக் காரணம் காட்டுவதை ஒப்புக்கொள்ளவில்லை. எட்ட முடியாது என்று பலர் நினைத்த இலக்குகளை வைத்தது.

நடைமுறையில் இதன் உயிர் பள்ளிகளுக்குப் போய்வரும் ஆலோசகர்களிடம் இருந்தது. இந்த முறையைக் கையாள விரும்பும் கவுன்சில் செய்ய வேண்டியது இது. தேர்வு முடிவு வந்த கையோடு, செப்டம்பரில், ஒவ்வொரு பள்ளியையும் மூன்று நான்கு பிரிவுகளில் ஒன்றில் வைக்க வேண்டும். நன்றாக நடக்கும் பள்ளிக்கு ஆண்டுக்குச் சில நாள் ஆலோசகர் வருகை போதும். தள்ளாடும் பள்ளிக்கு வாரம் ஒரு நாளாவது வேண்டும். அப்படிப்பட்ட பள்ளியில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தலைமை ஆசிரியர், ஆட்சிக்குழுத் தலைவர், கவுன்சில் அதிகாரி மூவரும் உட்கார்ந்து மாணவர் பெயர்ப் பட்டியலையே மேசையில் வைத்துப் பேச வேண்டும். ‘கணக்கில் 40 விழுக்காடு பின்தங்கல்’ என்று பேசினால் யாரும் எதுவும் செய்வதில்லை. எந்தப் பிள்ளை, எந்தப் பாடம், எந்த ஆசிரியரின் வகுப்பு என்று இறங்கினால்தான் அடுத்த ஆறு வாரத்துக்கான வேலை கிடைக்கும்.

இங்கே வழக்கமாகக் கெடுவது ஆலோசகர் தேர்வு. பள்ளி நடத்திப் பழக்கமில்லாதவரை அனுப்பினால் தலைமை ஆசிரியர் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார். அண்மையில் தலைமை ஆசிரியராக இருந்து சாதித்தவரின் சொல்லுக்குத்தான் அங்கே எடை. இன்னொரு கோளாறு, ஒரே ஆலோசகர் ஒரே பள்ளிக்குப் பல ஆண்டு போவது: நட்பு முற்றிக் கேள்வி மழுங்கிவிடும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பள்ளி வாசலுக்கு வெளியிலும் வேலை நடந்தது. பெரும்பாலான மாணவர்கள் வங்கதேசப் பின்னணிக் குடும்பத்தினர். பள்ளி நாட்களில் வாரக்கணக்கில் ஊருக்குப் போய்வரும் பழக்கம் படிப்பை அறுத்தது. கவுன்சில் கிழக்கு லண்டன் பள்ளிவாசலோடு சேர்ந்து வருகைப் பதிவுக்காக உழைத்தது. அதிகாரி அனுப்பும் கடிதத்துக்கு அசையாத குடும்பம், தான் மதிக்கும் இடத்திலிருந்து சொல் வந்தபோது கேட்டது. ஆசிரியர் பற்றாக்குறைக்கும் அக்கம்பக்கத்திலேயே விடை தேடினார்கள்: உள்ளூர் இருமொழி உதவியாளர்களை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வீடு அங்கேயே இருப்பதால் அவர்கள் வேலையை விட்டு எளிதில் போவதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. மாணவர் ஒருவருக்கு நாட்டிலேயே மிக அதிக நிதி பெற்ற பகுதிகளில் டவர் ஹாம்லெட்ஸும் ஒன்று. அந்தப் பணம் இல்லாத கவுன்சில் இதே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ஹாக்னி: பொறுப்பையே வெளியே எடுத்து வைத்தல்

ஹாக்னியில் முதலில் பாதி வைத்தியம்தான் பார்த்தார்கள். 1999இல் பள்ளி மேம்பாடு, சிறுபான்மை இன மாணவர் முன்னேற்றம் ஆகிய இரண்டு பணிகளை மட்டும் நார்ட் ஆங்கிலியா என்ற நிறுவனத்திடம் கொடுத்தார்கள். நிதியும் ஆட்களும் கட்டடங்களும் பழைய அலுவலகத்திலேயே கிடந்தன. ஆலோசனை சொல்பவர் ஓரிடம், பணம் தருபவர் வேறிடம் என்றால் பள்ளிதான் நடுவில் மாட்டிக்கொள்ளும். வேலையைப் பிய்த்துக் கொடுக்க நினைக்கும் எந்தக் கவுன்சிலும் முதலில் பார்க்க வேண்டிய பாடம் இது.

2002 ஆகஸ்டில் கல்விப் பொறுப்பு முழுவதும் ‘லர்னிங் டிரஸ்ட்’ என்ற லாப நோக்கற்ற நிறுவனத்துக்குப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் போனது. ஒரு கவுன்சிலின் மொத்தக் கல்விப் பணியும் லாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றிடம் போனது இங்கிலாந்தில் அதுவே முதல் முறை. முன்னாள் தலைமைக் கல்வி ஆய்வாளர் மைக் டாம்லின்சன் தலைவர். ஆலன் வுட் தலைமை நிர்வாகி. கவுன்சிலின் அரசியல் சண்டையும் பட்ஜெட் நெருக்கடியும் கல்வியைத் தீண்டாதபடி ஒரு வேலி எழுந்தது. பத்தாண்டு என்பதால் ஒரு தேர்தல் முடிவு எல்லாவற்றையும் கலைத்துப்போடவும் வழியில்லை. 2012இல் ஒப்பந்தம் முடிந்ததும் பொறுப்பு கவுன்சிலிடமே திரும்பியது. ஹாக்னியில் எங்களுக்குப் பிடித்தது இதுதான்: ஒப்பந்தம் முடியும் தேதி முதல் நாளே எழுதப்பட்டிருந்தது.

இன்னொரு பக்கம் புதிய பள்ளிகள். மூடிய ஹாக்னி டவுன்ஸ் பள்ளியின் இடத்தில் 2004இல் மாஸ்போர்ன் அகாடமி திறந்தது. (அகாடமி என்பது கவுன்சிலின் கீழ் வராமல், மத்திய அரசின் நிதியில் தானே நடக்கும் பள்ளி.) முதல்வர் மைக்கேல் வில்ஷா. 2009இல் அதன் முதல் அணி மாணவர்களில் 84 விழுக்காட்டினர் ஆங்கிலம், கணிதம் உட்பட ஐந்து ஜிசிஎஸ்இ பாடங்களில் ஏ ஸ்டார் முதல் சி வரையிலான தரம் பெற்றார்கள். பெரிய சாதனைதான். ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். புதிய பள்ளி ஏழாம் வகுப்போடு தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளர்கிறது. முதல் பொதுத் தேர்வுக்கே ஐந்தாண்டு. அந்த ஐந்தாண்டில் பழைய பள்ளிகளில் படித்து வெளியேறிய பிள்ளைக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஹாக்னிக்கு இதில் வேறொரு நியாயம் உண்டு: இடம் போதாமலும் நம்பிக்கை இல்லாமலும் நிறையக் குடும்பங்கள் மேல்நிலை வகுப்புக்குப் பக்கத்துக் கவுன்சில்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. இருக்கைகள் எப்படியும் தேவைப்பட்டன. இடப் பற்றாக்குறை இல்லாத ஊரில் புதிய கட்டடத்தை முதல் மருந்தாக எடுக்காதீர்கள்.

அதிகம் பேசப்படாத ஹாக்னி உத்தி தொடக்கப் பள்ளிக் கூட்டமைப்புகள். இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஒரே ஆட்சிக்குழு, மேலே அனுபவமுள்ள ஒரு நிர்வாகத் தலைமை ஆசிரியர். பள்ளிகள் கவுன்சிலின் கீழேயே இருக்கும். அகாடமி ஆக்காமலே நல்ல தலைமையைப் பகிர்ந்துகொள்ள இதைவிட எளிய வழி தெரியவில்லை.

தனியார் ஒப்பந்தம்: இஸ்லிங்டன், சதக்

லண்டனின் இன்னொரு கவுன்சிலான இஸ்லிங்டன் 2000இல் கேம்பிரிட்ஜ் எஜுகேஷன் அசோசியேட்ஸோடு ஏழாண்டு ஒப்பந்தம் போட்டது. இலக்கு தவறினால் கட்டணத்தில் பிடித்தம். சதக் கவுன்சில் 2001இல் அட்கின்ஸ் நிறுவனத்தோடு போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 2003இலேயே முறிந்தது. அபராதம் கட்டும் நிறுவனம் அடுத்த ஆண்டு எண்ணிக்கையைத் துரத்தும்; நிறுவனம் பாதியில் விலகினால் கவுன்சிலிடம் வேலை தெரிந்த ஆட்கள் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இரண்டு வழிக்கும் பொருந்தும் ஒரு கருவி: ஜோடி சேர்த்தல்

2003 முதல் 2011 வரை மத்திய அரசு நடத்திய ‘லண்டன் சேலஞ்ச்’ திட்டத்துக்கு முதல் சில ஆண்டுகள் டிம் பிரைகௌஸ் ஆணையராக இருந்தார். சிறப்புக் கவனத்துக்கு எடுத்த ஐந்து பகுதிகளில் ஹாக்னி உண்டு, டவர் ஹாம்லெட்ஸ் இல்லை. ஒத்த வகை மாணவர்கள் படிக்கும் பள்ளிகளை ஒரே குடும்பமாக அடுக்கி அவற்றின் முடிவுகளை அருகருகே காட்டினார்கள். ‘எங்கள் பிள்ளைகள் வேறு’ என்ற வாதம் அங்கேயே அடங்கியது. பிறகு மெலிந்த பள்ளியை வலுவான பள்ளியோடு சேர்த்தார்கள்.

ஜோடி தோற்பது மூன்று இடத்தில். வலுவான பள்ளி தன் துணைத் தலைமை ஆசிரியரை வாரம் இரண்டு நாள் அனுப்பும்போது அங்கே அவர் இடத்தை நிரப்பப் பணம் ஒதுக்காவிட்டால், ஒரு பருவத்துக்குள் வருகை நின்றுவிடும். வசதியான பகுதிப் பள்ளியை ஏழைப் பகுதிப் பள்ளிக்கு வழிகாட்டியாக வைத்தால் அறிவுரை ஒட்டாது. முடிவுத் தேதி இல்லாத ஜோடி வெறும் பழக்கமாகிவிடும். ஓராண்டு வைத்து, பருவந்தோறும் எதை எட்டினோம் என்று பாருங்கள்.

எண்களைச் சேர்த்து வைக்கும் முன்

டவர் ஹாம்லெட்ஸில் 1997இல் ஐந்து நல்ல ஜிசிஎஸ்இ (சி அல்லது அதற்கு மேல்) பெற்றவர்கள் 26 விழுக்காடு. இதைப் பிந்தைய எண்களோடு நேராக ஒப்பிட முடியாது. 2006 முதல் அரசு வெளியிடும் பள்ளி முடிவுப் பட்டியல் ஆங்கிலமும் கணிதமும் அந்த ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்றது. அதற்கு முன் ஒரே தொழிற்கல்விச் சான்றிதழ் நான்கு ஜிசிஎஸ்இக்குச் சமமாக எண்ணப்பட்டது. பல பள்ளிகள் அதை வைத்தே ஏறின. ‘சி’ வரம்பு இருந்தவரை, டி-யிலிருந்து சி-க்குத் தாண்டக்கூடிய பிள்ளைகள் மேலேயே உழைப்பெல்லாம் குவிந்தது. மிகப் பின்தங்கியவர்களை யாரும் பார்க்கவில்லை. 2016இல் வந்த ‘புரோகிரஸ் 8’ என்ற அளவுகோல் ஒவ்வொரு பிள்ளையின் ஏற்றத்தையும் கணக்கில் எடுத்ததால் இந்தக் கோணல் குறைந்தது.

லண்டன் எப்படி ஏறியது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தொடக்கப் பள்ளிகள் முன்பே மேம்பட்டதே மேல்நிலை முடிவாகத் தெரிந்தது என்று ஒரு சாரார். குடியேறிய குடும்பங்களின் கல்வி ஆர்வமே காரணம் என்று இன்னொரு சாரார். முதலாவது வாதத்துக்கு நாங்கள் அதிக எடை தருவோம், ஏனெனில் கவுன்சில் செய்யக்கூடிய வேலை அதில் இருக்கிறது: முதல் பவுண்டைத் தொடக்கப் பள்ளி வாசிப்பில் போடுங்கள்.

இன்று கையில் மிஞ்சியிருக்கும் அதிகாரம்

இங்கிலாந்தின் மேல்நிலைப் பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அகாடமிகள். அவற்றுக்குக் கவுன்சில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப முடியாது. தன் கீழுள்ள பள்ளிக்கு அனுப்பலாம். அதில் குறை என்ன, என்ன செய்ய வேண்டும், எதற்குள், தவறினால் என்ன நடக்கும் என்ற நான்கும் இருந்தே ஆக வேண்டும். கெடு தவறினால் கூடுதல் ஆட்சிக்குழு உறுப்பினர்களை நியமிக்கலாம், பட்ஜெட் அதிகாரத்தைத் திரும்ப எடுக்கலாம், அமைச்சரின் ஒப்புதலோடு ஆட்சிக்குழுவையே அகற்றி இடைக்காலக் குழு வைக்கலாம். இடைக்காலக் குழுவுக்குச் சட்டப்படி இருவர் போதும். நிதி தெரிந்தவர், பள்ளி நடத்தியவர், ஆள் நிர்வாகம் தெரிந்தவர் என ஐவரையாவது போடுங்கள்.

பள்ளி மேம்பாட்டுக்காக அரசு தந்த மானியம் 2022 ஏப்ரலில் பாதியானது, 2023 ஏப்ரலில் நின்றது. ஆகவே ஆலோசகர் சம்பளத்தை இப்போது பள்ளிகளின் பட்ஜெட்டிலிருந்தே கேட்டு வாங்க வேண்டும். பகுதிப் பள்ளிகளின் பிரதிநிதிகள் கூடி நிதி பற்றி முடிவெடுக்கும் பள்ளிகள் மன்றத்தில், கவுன்சிலின் கீழுள்ள தொடக்கப் பள்ளி உறுப்பினர்களும் மேல்நிலைப் பள்ளி உறுப்பினர்களும் தனித்தனியே வாக்களிப்பார்கள். இலையுதிர் பருவத்திலேயே, மாணவர் ஒருவருக்கு இத்தனை பவுண்டு, அதற்கு ஒவ்வொரு பள்ளிக்கும் இத்தனை நாள் ஆலோசகர் வருகை என்று எழுதிக்கொண்டு போங்கள். ‘பொது மேம்பாடு’ என்று ஒற்றை வரியில் கேட்டால் நன்றாக நடக்கும் பள்ளிகள் எதிர்த்து வாக்களிக்கும். மன்றம் மறுத்தால் அமைச்சரிடம் முறையிடலாம். அந்த முறையீட்டுக்கு வேண்டிய நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள், ஏனென்றால் புதிய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கிவிடும்.