வார்ஃபரின் அளவீடு: பெருங்குடி ஆய்வகம் ஒன்றின் சேவை

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோரின் ரத்தப் பிளாஸ்மா மாதிரிகளை, அவற்றிலுள்ள மருந்தின் அளவை அறிய, எங்கள் ஆய்வுக்காகச் சென்னை பெருங்குடியிலுள்ள ஒரு தனியார் ஆய்வகத்திடம் கொடுத்திருந்தோம். இம்மருந்தின் எஸ், ஆர் என்னும் இரு வடிவங்களும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பங்கள். ஆயினும் ரத்தம் உறைவதைத் தடுப்பதில் எஸ் வடிவம் 3 முதல் 5 மடங்கு வீரியமானது என்பதால், இரண்டையும் கூட்டிச் சொல்லும் ஒற்றை எண்ணால் எங்களுக்குப் பயனில்லை. இரண்டின் நிறையும் ஒன்றே ஆகையால் மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மட்டும் அவற்றை வேறுபடுத்திக் காட்டாது. முதலில், ஆடிப் பிம்ப வடிவங்களைத் தனித்தனியே பிரிக்கும் கைரல் பிரிப்புக் குழாய் வழியே செலுத்திப் பிரித்தாக வேண்டும்.

இந்தப் பிரிப்பை அவர்கள் மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். வரைபடத்தில் இரு வடிவங்களுக்குரிய முகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று சாயாமல், இடையே கோடு அடித்தளம்வரை இறங்கியிருக்கிறது. அளவு முன்பே தெரிந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளின் விலகல் 15 விழுக்காட்டுக்குள் இருந்ததையும் தொகுதிவாரியாக, நாங்கள் கேட்காமலே இணைத்திருந்தனர். இந்த நாணயம் எனக்கு மிகவும் பிடித்தது.

குறையும் உண்டு. மாதிரிகளை எடுத்துச்செல்ல வந்தவர், சித்திரை வெயிலில் மாதிரிகளை உறைநிலையில் வைக்கும் உலர்பனி (திட கார்பன் டை ஆக்சைடு) இல்லாமல் வெறும் ஐஸ் பெட்டியுடன் வந்தார். திருப்பி அனுப்பிய பிறகே சரியான பெட்டி வந்தது. கட்டணமும் சற்று அதிகம். அடுத்த தொகுதியையும் அவர்களிடமே தருகிறோம், உலர்பனியை எழுத்தில் உறுதிசெய்துகொண்டு.