கூட்டத்தில் பேசாதவரை எந்த அளவுகோல் புரிந்துகொள்கிறது? ஆளுமைச் சட்டகங்கள் நான்கின் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் ஊழியர் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் செயலமர்வுகளில் ஆளுமை வகைகள் பற்றிய வினாக்கொத்துகள் இடம்பிடிக்கத் தொடங்கிவிட்டன. அரச சார்பற்ற நிறுவனம், தகவல் தொழில்நுட்ப நிறுவனம், வங்கிக் கிளை என்று இடம் மாறினாலும் நடைமுறை ஏறத்தாழ ஒன்றே: கேள்விகளுக்கு விடையளித்து, தம் ஆளுமை வகையைக் குறிக்கும் எழுத்துகளை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்ந்து, மதிய உணவுக்குப் பின் ஊழியர்கள் கலைந்து செல்கிறார்கள். முயற்சியின் நோக்கம் நல்லது. ஒன்றாக வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் தவறாக விளங்கிக்கொள்வதால் வளரும் மனக்கசப்பு எத்தனையோ சங்கங்களையும் சபைகளையும் இங்கே முடக்கியிருக்கிறது. ஆனால் எந்த வினாக்கொத்து, எதற்காக என்ற கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை என்பதுதான் என் கவலை.

ஒப்பிடுவதற்கு ஒரு களம் தேவை. எல்லோருக்கும் பழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஆண்டின் முதலாம் தவணையில் பாடசாலைகள் நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான குழு. அதிபர் தலைமை வகிப்பார். உடற்கல்வி ஆசிரியர் ஓட்டப் பாதைகளையும் நிகழ்ச்சி நிரலையும் பார்ப்பார். மூத்த ஆசிரியர் ஒருவர் கணக்கை வைத்திருப்பார். இல்லப் பொறுப்பாசிரியர்களாக இளையவர்கள் இருப்பார்கள். பழைய மாணவர் சங்கத்தின் பிரதிநிதியும் வருவார். இல்லச் சோடனைக்கு எவ்வளவு செலவிடுவது, பிரதம விருந்தினராக யாரை அழைப்பது என்று ஆண்டுதோறும் முரண்பாடு எழும். போட்டி முடிந்த பிறகு ஒருவர், “நான் அப்பவே நினைச்சனான், சொல்லேல்லை” என்பார். அந்த ஒருவர் ஏன் அப்போதே சொல்லவில்லை என்பதை விளக்க உதவும் சட்டகமே நமக்குப் பயனுள்ளது.

மிகவும் பிரபலமானது மயர்ஸ்–பிரிக்ஸ் வகைப்பாடு. சுவிற்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் முன்வைத்த உளவியல் வகைகளை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்கரான கதரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மயர்ஸும் 1940களில் உருவாக்கத் தொடங்கிய வினாக்கொத்து இது. இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். அகமுகம்–புறமுகம், புலனறிவு–உள்ளுணர்வு, சிந்தனை–உணர்வு, முடிவுகட்டல்–திறந்துவைத்தல் என்ற நான்கு இணைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் ஒருவரை நிறுத்துவதால் பதினாறு வகைகள் கிடைக்கின்றன. எந்த வகையும் கெட்டதல்ல என்பது இதன் பெரிய கவர்ச்சி. போட்டி நிரலை முதல் வாரமே முடிவுசெய்ய வேண்டும் என்று நெருக்கும் உடற்கல்வி ஆசிரியரையும், கடைசி நாள்வரை மாற்றத்துக்கு இடம்விட விரும்பும் இல்லப் பொறுப்பாசிரியரையும் எடுத்துக்கொண்டால், ஒருவர் பிடிவாதக்காரர், மற்றவர் பொறுப்பில்லாதவர் என்ற பழிச்சொற்களுக்குப் பதிலாக, இருவருக்கும் வேலையை முடிக்கும் முறை வேறு என்று சொல்ல இது வாய்ப்பளிக்கிறது. நன்மை சிறியதல்ல.

ஆயினும் அடித்தளம் பலவீனமானது. உயரத்தை அளந்துவிட்டு, ஐந்தரை அடிக்கு மேற்பட்டவர் எல்லாம் நெட்டையர், கீழ்ப்பட்டவர் எல்லாம் குட்டையர் என்று அறிவித்தால், எல்லைக்கு இருபுறமும் அரை அங்குல வித்தியாசத்தில் நிற்கும் இருவர் எதிரெதிர் இனத்தவர் ஆகிவிடுவார்கள். மனிதரில் பெரும்பாலானோர் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள். ஆகவேதான் சில வாரங்கள் கழித்து அதே வினாக்கொத்துக்கு விடையளிப்பவர்களில் கணிசமானோர், சில ஆய்வுகளின்படி ஏறத்தாழ அரைவாசிப் பேர், வேறொரு வகைக்குள் போய் விழுகிறார்கள். ஆட்சேர்ப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்த வினாக்கொத்தைப் பேணுவோரே அறிவுறுத்துகிறார்கள்.

அப்படியானால் விளக்கத்தைப் படித்தவுடன் “இது அப்படியே நான்தான்” என்று ஏன் தோன்றுகிறது? அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, தனித்தனி முடிவு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே விவரணத்தையே கொடுத்தார். அதன் பொருத்தத்துக்கு அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 புள்ளி வழங்கினார்கள். 1949இல் வெளியான இந்த ஆய்வுக்கான வாசகங்களில் பெரும்பகுதி, கடையில் விற்ற ஒரு சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. சாதகப் பொருத்தம் பார்த்தே பெரிய முடிவுகளை எடுத்துப் பழகிய நம் ஊரில் இந்த எச்சரிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு: ஒரு விவரணம் நமக்குப் பொருந்துவதாகத் தோன்றுவது அது சரியென்பதற்குச் சான்றாகாது.

டிஸ்க் எனப்படும் நால்வகை நடைமுறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928இல் எழுதிய கருத்துகளிலிருந்து இது பிறந்தது. அவர் வினாக்கொத்து எதையும் தயாரிக்கவில்லை, அதைப் பின்வந்தவர்கள் செய்தார்கள். ஆதிக்கம், செல்வாக்கு, நிதானம், நுணுக்கம் என்ற நான்கு நடத்தைப் பாங்குகளை இது பேசுகிறது. ஒருவருடைய உள்ளத்தை ஆராயாமல் வெளியே தெரியும் நடத்தையை மட்டும் கவனிப்பதால், எவருடன் எப்படிப் பேசுவது என்ற கேள்விக்கு நான்கிலும் இதுவே விரைவான விடையைத் தருகிறது. ஆதிக்கப் பாங்குள்ளவரிடம் சுற்றிவளைக்காமல் விடயத்துக்கு வருங்கள், நுணுக்கப் பாங்குள்ளவருக்கு விவரங்களை முன்கூட்டியே கொடுங்கள் என்பன போன்ற அறிவுரைகள் நடைமுறைக்கு உகந்தவையே. எனினும் பல பதிப்பாளர்கள் பல வடிவங்களில் விற்பதால் தரம் ஒரே சீராக இல்லை. அத்துடன் ‘சுற்றிவளைக்காமல் பேசுதல்’ என்பதற்கு இங்கே ஓர் எல்லை உண்டு. கணக்கு வைத்திருக்கும் மூத்த ஆசிரியர் எவ்வளவு நேரடியான மனிதராக இருந்தாலும், இளம் ஆசிரியர் ஒருவர் சபை நடுவே “கணக்குப் பிழை” என்று சொன்னால் விடயம் அங்கேயே முறிந்துவிடும், “சேர், இந்தக் கணக்கை ஒருக்காப் பாப்பமே?” என்று கேட்டால் அவரே பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்.

ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்றுக்கொண்டிருப்பது ஐங்கூறு மாதிரி. இதன் தொடக்கம் அகராதியில் இருக்கிறது: மனிதரை வேறுபடுத்திப் பேச உதவும் சொற்களை உளவியலாளர்களான ஓல்போர்ட்டும் ஒட்பெர்ட்டும் 1936இல் ஆங்கில அகராதி ஒன்றிலிருந்து திரட்டியபோது ஏறத்தாழ 18,000 சொற்கள் கிடைத்தன. அடுத்த அரை நூற்றாண்டில் பலர் அவற்றைச் சலித்து, எவை ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன என்று புள்ளிவிவர முறையில் பார்த்தபோது, ஐந்து பெரும் கூறுகள் மீண்டும் மீண்டும் தென்பட்டன: புதியவற்றை ஏற்கும் மனம், கடமையுணர்வு, புறமுகம், இணக்கம், உணர்ச்சித் தளம்பல். இந்தச் சட்டகம் ஒருவரை எந்தப் பெட்டிக்குள்ளும் போடுவதில்லை. ஒவ்வொரு கூறிலும் அவர் எந்த அளவில் இருக்கிறார் என்று மட்டுமே சொல்கிறது. மயர்ஸ்–பிரிக்ஸ் வகைப்பாட்டோடு ஒப்பிடும்போது இந்த ஒரு வேறுபாடே எனக்குத் தீர்க்கமானதாகப் படுகிறது.

இன்னொரு வலிமை, வேலையோடு இதற்குள்ள தொடர்பு சோதிக்கப்பட்டிருப்பது. ஆய்வாளர்களான பரிக்கும் மவுண்டும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆராயப்பட்ட எல்லாத் தொழிற்பிரிவுகளிலும் வேலைத் திறனோடு தொடர்பு காட்டியது கடமையுணர்வே. குழுக்களைப் பற்றி சுசான் பெல் 2007இல் வெளியிட்ட தொகுப்பாய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. உண்மையான பணியிடக் குழுக்களில், உறுப்பினர்களின் கடமையுணர்வைப் பொறுத்தவரை குழுவின் சராசரி முக்கியமாக இருந்தது. இணக்கத்தைப் பொறுத்தவரையோ, குழுவில் மிகக் குறைந்த இணக்கமுள்ளவரின் அளவு முக்கியமாக இருந்தது. எட்டுப் பேர் எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் எவருக்கும் இணங்காத ஒன்பதாமவர் முழுக் குழுவையும் கீழே இழுத்துவிடலாம் என்பது இதன் பொருள். நம் சங்கங்களின் பொதுக்கூட்டங்களில் அமர்ந்திருந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

குறைகள் இதற்கும் உண்டு. உணர்ச்சித் தளம்பலில் உயர்ந்த புள்ளி, இணக்கத்தில் தாழ்ந்த புள்ளி ஆகியவற்றை எவரும் மகிழ்ச்சியோடு சபையில் காட்டமாட்டார்கள். மயர்ஸ்–பிரிக்ஸ் எழுத்துகளைப் போல இதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிய முடியாது. எல்லாப் பண்பாடுகளுக்கும் இது அப்படியே பொருந்தும் என்றும் கொள்ளக்கூடாது: பொலிவியாவின் சிமானே மக்களிடையே நடந்து 2013இல் வெளியான ஆய்வில் இந்த ஐந்து கூறுகளும் தெளிவாகப் புலப்படவில்லை. இந்தச் சட்டகம் மனிதர் எத்தகையவர் என்று சொல்கிறதே ஒழிய, நாளை காலை ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்பு போடும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று சொல்லாது.

அதைச் சொல்ல முயல்வது பெல்பின் முறை. இங்கிலாந்தின் ஹென்லி நிர்வாகக் கல்லூரியில் முகாமையாளர்கள் குழுக்களாகப் பிரிந்து வணிகப் பயிற்சி விளையாட்டுகளில் ஈடுபட்டதை மெரடித் பெல்பின் பல ஆண்டுகள் கவனித்து, 1981இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். கூர்மையான அறிவுள்ளவர்களை மட்டும் சேர்த்து அமைத்த குழுக்கள் வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவை பலமுறை பின்தங்கின. ஒவ்வொருவரும் மற்றவருடைய வாதத்தில் ஓட்டை தேடினார்கள், முடிவெடுக்கவோ எடுத்த முடிவை ஒழுங்குபடுத்தவோ ஆள் இருக்கவில்லை. ஆகவே புதிய யோசனை தருபவர், வெளித்தொடர்பு தேடுபவர், ஒருங்கிணைப்பவர், உந்தித் தள்ளுபவர், எடைபோடுபவர், இணக்கம் பேணுபவர், செயலாக்குபவர், குறையின்றி முடிப்பவர், பின்னர் சேர்க்கப்பட்ட துறை வல்லுநர் என ஒன்பது பங்குகளை அவர் வகுத்தார். ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதோடு, உடன் வேலை செய்பவர்கள் அவரைப் பற்றிச் சொல்வதையும் இந்த முறை சேர்த்துக்கொள்வது நம் சூழலுக்கு மிகவும் ஏற்றது. தன்னைத் தானே புகழ்ந்து எழுதக் கூசும் ஒருவரின் திறமையை அயலில் இருப்பவர் எழுதிவிடுவார். வினாக்கொத்தின் அளவைத் தரத்தை விமர்சித்த ஆய்வுகள் இருக்கின்றன, அந்த விமர்சனத்தை நான் ஏற்கிறேன். ஆயினும், விளையாட்டுப் போட்டிக் குழுவில் யோசனை சொல்ல ஆறு பேரும், சான்றிதழ்களில் பெயர்கள் பிழையின்றி இருக்கின்றனவா என்று சரிபார்க்க ஒருவரும் இல்லாத நிலையை, வெற்றிடமாகக் கண்ணுக்குக் காட்டுவது இந்த முறை ஒன்றுதான்.

இனி, சொல்லாமல் இருந்த அந்த ஒருவரிடம் வருவோம். மயர்ஸ்–பிரிக்ஸ் அவரை அகமுகி என்று சொல்லும்; டிஸ்க் நிதானப் பாங்குள்ளவர் என்று சொல்லும்; ஐங்கூறு மாதிரி புறமுகத்தில் தாழ்ந்த புள்ளி கொடுக்கக்கூடும். மூன்றுமே தவறாக இருக்கலாம். அதே ஆசிரியை இடைவேளையில் ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போது எல்லோரையும் சிரிக்க வைப்பவராக, தம் இல்ல மாணவரிடம் மணிக்கணக்கில் பேசுபவராக இருக்கலாம். கூட்டத்தில் அவரைப் பேசாமல் வைத்தது சுபாவமா, அங்கே அமர்ந்திருந்தவர்களின் வரிசையா? அதிபர் தம் முடிவை முதலில் சொல்லிவிட்டார். கணக்கு வைத்திருக்கும் ஆசிரியர் இவருக்கே முன்னொரு காலத்தில் படிப்பித்தவர். பழைய மாணவர் சங்கப் பிரதிநிதி பணம் தருபவர். வயது, பதவி, படிப்பித்தவர் என்ற மரியாதை, பெண் என்பதால் எழும் தயக்கம் ஆகியவை ஒன்றுசேர்ந்த இடத்தில் மௌனம் ஓர் ஒழுக்கமாகவே கருதப்படுகிறது. அதை ஆளுமை என்று பெயரிட்டுவிட்டால், மாற்ற வேண்டிய கூட்ட ஒழுங்கு மாறாமல் தப்பிவிடுகிறது. பழி பேசாதவர் மேல் விழுகிறது. உளவியலாளர் வால்ட்டர் மிஷெல் 1968இலேயே, நடத்தையைத் தீர்மானிப்பதில் சூழ்நிலைக்குள்ள பங்கை உளவியலாளர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று வாதிட்டார்; அந்த வாதம் யாழ்ப்பாணத்துக் கூட்ட மண்டபங்களுக்கு இன்றும் பொருந்துகிறது.

எனவே என் தெரிவு வருமாறு. பாடசாலைக் குழுவோ, சனசமூக நிலையமோ, கூட்டுறவுச் சங்கத்தின் இயக்குநர் சபையோ ஆயின், பெல்பின் பங்குகளைக் கட்டணச் சோதனையாக அல்லாமல் ஓர் உரையாடலுக்கான பட்டியலாக எடுத்து, எந்தப் பங்குக்கு எங்களிடம் ஆள் இல்லை என்று ஒரு மாலைப்பொழுது பேசுவது போதும். இளைஞர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக நாள்தோறும் சேர்ந்து வேலை செய்யும் தகவல் தொழில்நுட்பக் குழுக்களுக்கு ஐங்கூறு மாதிரி ஏற்றது. இதை அளக்க, உளவியலாளர் லூவிஸ் கோல்ட்பேர்க் தொடக்கிவைத்த பொதுப் பயன்பாட்டு வினாத் தொகுதி இலவசமாகவே கிடைக்கிறது, ஆகவே செலவு ஒரு தடையல்ல. டிஸ்க் முறையைப் பொதுமக்களோடு நேரில் பேசும் முன்னரங்கு ஊழியருக்கு ஒரு நாள் பயிற்சியாகக் கொடுக்கலாம். மயர்ஸ்–பிரிக்ஸ் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தால் அதைப் பேச்சைத் தொடங்க மட்டும் பயன்படுத்தலாம். புதிதாகப் பணம் கொடுத்துச் செய்விக்க நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும், அதற்கு முன்பே கூட்ட ஒழுங்கில் சில மாற்றங்களைச் செய்துவிட வேண்டும். நிகழ்ச்சி நிரலை இரண்டு நாள் முன்னதாக அனுப்பி, கருத்துகளை எழுத்தில் பெறலாம். கூட்டத்தில் வயதில் இளையவர் முதலில் பேச, தலைவர் கடைசியில் பேசலாம். இந்த மாற்றங்களுக்குப் பிறகும் ஒருவர் பேசாமல் இருந்தால்தான் அவருடைய சுபாவத்தைப் பற்றி யோசிக்க நியாயம் பிறக்கும். புள்ளித் தாளை அவரவரே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் குடும்பத்தை மற்றவர் அறிந்திருக்கும் ஊரில் அது நிறுவனக் கோப்புக்குள் சேரவோ, இடமாற்றம், பதவியுயர்வு, பொறுப்பு வழங்கல் பற்றிய பேச்சில் எந்தக் கட்டத்திலும் எடுக்கப்படவோ கூடாது. இந்த நிபந்தனையை எழுத்தில் தர மறுக்கும் நிர்வாகத்தின் கீழ் எந்த வினாக்கொத்துக்கும் விடையளிக்காமல் இருப்பதற்கு ஊழியருக்கு முழு உரிமை இருக்க வேண்டும்.